திருமதி க.வின் வீடு

திருச்சிக்கு வந்த நான்கு மாதங்களில் நான் மூன்று அறைகள் மாறினேன். முதலில் கல்லூரி விடுதி. அங்கே எல்லோரும் என்னைவிட நாலைந்து வயது சின்னவர்கள். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தாறு வயதில் அப்படியொரு மூத்தவர் பட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றே வாரத்தில் திருவானைக்காவலில் ஒரு மாடி அறைக்குப் போனேன். ஜன்னலை ஒட்டிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு, வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாமி வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தேன். இங்கே மோட்டார் இல்லை, ஆனால் முட்டைகூட வேகவைக்கக் கூடாது. குறை தேடுபவளுக்கு எந்த வீட்டிலும் ஒன்று கிடைத்துவிடும்.

மாமி நல்லவர்தான். மாடிக்குத் துணி உலர்த்த வரும்போதெல்லாம் என் அறையை எட்டிப் பார்ப்பார்.

"ஏண்டிம்மா, பெட்டியைத் திறக்கவே மாட்டியா? லாட்ஜுல தங்கறாப்ல தங்கியிருக்கியே."

ஒருநாள் வீதியில் சாமி வரும் சத்தம் கேட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து, "பெருமாள் ஏள்ற நேரம், செத்த நின்னு சேவிச்சுட்டுப் போயேன். அப்படி என்ன அவசரம்?" என்றார். "வேலை இருக்கு மாமி" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நழுவினேன். எனக்கு எந்த வேலையும் இல்லை. ஓரிடத்தில் நிற்பதுதான் அப்போது என்னால் முடியாத காரியமாக இருந்தது.

நான் வேலூர்க்காரி. டிகிரி முடித்துச் சென்னையில் நான்கு வருடம் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு, "வேற வேலை பார்த்துக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். அது சலித்துப்போய், இனி மனிதர்களை நேரில் பார்த்துச் செய்யும் வேலைதான் என்று முடிவுசெய்து, ராஜினாமா கொடுத்துவிட்டு, திருச்சியில் சமூகப் பணி முதுகலையில் சேர்ந்தேன். அம்மா பத்து நாள் என்னோடு பேசவில்லை. "கையில இருக்கிற வேலையை விட்டுட்டு யாராவது திரும்பப் பையைத் தூக்குவாங்களா?" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. நான்தான் வீம்பு பிடித்து வந்தேன். அதனால் அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் "சூப்பரா இருக்கும்மா" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாத நிலைமை.

ஊரைக் குறை சொல்வதற்கில்லை. தண்ணீர் நன்றாக இருந்தது. யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. டவுன் பஸ் கண்டக்டர்கூட, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று 'ங்க' போட்டுத்தான் முதுகில் தள்ளினார். ஆனால் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை வந்தால் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்றிருக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் வேலூர் பஸ். ஆறேழு மணி நேரம் உட்கார்ந்து போய், இரண்டு நாள் அம்மா சமையலைச் சாப்பிட்டு, மறுபடி ஆறேழு மணி நேரம். கொள்ளிடத்தைத் தாண்டி டோல்கேட்டில் நின்றாலே வடக்கே போகும் பஸ் வருமே என்று மாமி சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமையன்று அங்கே நின்றால் இடம் கிடைக்காது. உட்கார்ந்து போக வேண்டுமானால் ஊரின் தெற்குக் கோடியில் பஞ்சப்பூர் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும்.

இந்தப் பஞ்சப்பூர்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கெட்டது நானாகத்தான்.

எங்கள் படிப்பில் திங்கள் முதல் புதன்வரை வகுப்பு. வியாழனும் வெள்ளியும் களப்பணி. நாங்கள் சொல்வது பீல்டு வொர்க். ஆளுக்கொரு பகுதி. எனக்குக் கிடைத்தது எடமலைப்பட்டி புதூர். வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும். கஷ்டத்தில் இருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, வாராவாரம் சந்தித்து, அவர் பேசியது, நாம் பேசியது எல்லாவற்றையும் எழுதித் திங்கட்கிழமை காலையில் மேற்பார்வை ஆசிரியரின் மேஜையில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ரெக்கார்டு. இதற்குத் தனி மார்க், தனி பாஸ். மற்ற எல்லாப் பேப்பரிலும் முதலாவதாக வந்தாலும் இதில் தவறினால் வருடம் போச்சு. வருடம் போனால் அம்மாவிடம் காட்ட எனக்கு முகம் இருக்காது.

முதல் வியாழக்கிழமை ஒழுங்காகத்தான் போனேன். ஐந்து வீடுகளில் கதவைத் தட்டினேன். இரண்டு வீட்டில் என்னை லோன் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்து, "வீட்டுக்காரர் இல்லைங்க" என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனில் நான்கு வருடம் பேசிப் பழகிய எனக்கு, நேரில் ஒரு முகம் பார்த்தால் வாய் எழவில்லை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. புதூர் நிறுத்தத்தில் இறங்கி நின்றேன். பின்னாலேயே பஞ்சப்பூர் பஸ் வந்தது. புதூருக்கும் பஞ்சப்பூருக்கும் கொஞ்ச தூரம்தான். ஏறிவிட்டேன். அன்று மத்தியானமே வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டில் இருந்தேன். ஊருக்குத் தெற்கே ஏறிய பஸ், சுற்றிக்கொண்டு காவிரியைத் தாண்டும்போது ராஜகோபுரம் தெரிந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லா வெள்ளியும் அப்படித்தான். வியாழக்கிழமைகளில் அறையை விட்டே கிளம்பவில்லை.

என் முதல் இரண்டு ரெக்கார்டுகள் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தன. எங்கள் மேடத்துக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் கௌரவ விரிவுரையாளர். வருடா வருடம் கல்லூரி மறுபடி எடுத்துக்கொண்டால்தான் வேலை. மாணவர்கள் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். ஆனால் மார்ஜின் கோணலாக இருந்தால்கூட விட மாட்டார். "இது சர்வே. இதில் மனிதர் எங்கே?" என்று எழுதியிருந்தார்.

மனிதர் வேண்டும், அவ்வளவுதானே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சனிக்கிழமை வேலூரில், அம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு மனிதரை உண்டாக்கினேன். எங்கள் துறையில் சந்திக்கிறவரின் பெயரை எழுதக் கூடாது. ரகசியம் காக்க வேண்டும். அது எவ்வளவு வசதியாகப் போயிற்று! 'திருமதி க., வயது முப்பத்து நான்கு. கணவர் வெளியூரில் வேலை. புதூருக்குக் குடிவந்து நான்கு மாதம். அக்கம்பக்கத்தில் பழக்கம் இல்லை. வார இறுதியில் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறார். பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை.' பேனா நிற்கவே இல்லை. ஏழு பக்கம் எழுதினேன்.

திங்கட்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டு, "இப்பதான் எழுத ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். தலைகால் புரியவில்லை. அடுத்த வாரத்து ரெக்கார்டை வகுப்பில் வாசித்தே காட்டினார். திருமதி க. ஜன்னலோரம் நின்று, தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் போக ஓர் இடம் இருக்கிறதே என்று நினைக்கும் இடம் வந்தபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தவர்கள் அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பாராட்டு வாங்கியவளுக்கு வாராவாரம் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. ஆறாவது ரெக்கார்டில் எழுதினேன்: 'திருமதி க. நான்கு நாட்களாக யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வேளைதான் சமைக்கிறார். தூக்கம் இல்லை.'

அந்தத் திங்கட்கிழமை நான் ரெக்கார்டை மேஜையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போன அரை மணி நேரத்தில் மேடம் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இதை எழுதி வெச்சிட்டு எப்படிங்க நீங்க ஊருக்குப் போனீங்க? ஒரு போன் பண்ண வேண்டாமா? கிளம்புங்க, இப்பவே போய்ப் பார்க்கலாம்."

"அவங்க இப்ப ஊர்ல இல்லை மேடம். அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. வியாழக்கிழமைதான் வருவாங்க" என்றேன். பொய் இப்போதெல்லாம் எனக்குத் தடங்கலில்லாமல் வந்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை காலையில ஒன்பதரைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட். நானும் வரேன்."

மூன்று நாள் யோசித்து நான் கண்டுபிடித்த வழியை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. எப்படியாவது ஒரு நிஜமான திருமதி க.வைக் கண்டுபிடித்துவிடுவது. அவ்வளவு பெரிய புதூரில் புதிதாகக் குடிவந்து தனியாக இருக்கும் ஒரு பெண்கூடவா இருக்க மாட்டாள்? வியாழக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். தெருத் தெருவாக நடந்தேன். ஒன்றரை மாதமாக நான் நடந்ததாக எழுதிக் கொடுத்த தெருக்களை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். நான் எழுதியதில் இருந்த வேப்பமரம் அங்கே இல்லை. எழுதாத சர்ச் ஒன்று இருந்தது.

மத்தியானம் ஒரு வீட்டு வாசலில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டார். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பா, மூணு தடவை இந்தத் தெருவைச் சுத்திட்ட. லோன் ஆபீஸா?"

"இல்லைக்கா, காலேஜ். இந்தப் பக்கம் புதுசா குடிவந்தவங்க, தனியா இருக்கிறவங்க, யாரோடயும் பேசாதவங்க யாராவது இருக்காங்களாக்கா?"

"பேசாதவங்களா? இந்தத் தெருவுலயா? பேசாம இருந்தா நாங்க விட்டுடுவோமா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "என்ன விஷயம், உட்காரு."

உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்த மாவு அக்காவிடம் கொட்டினேன். மேடம், ரெக்கார்டு, பஞ்சப்பூர், நாளைக் காலை ஒன்பதரை மணி. நடுவில் அழுகையும் வந்தது. அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.

"அவ்வளவுதானே? அந்தம்மா நான்தான்னு சொல்லிடறேன். கூட்டிட்டு வா. அழணுமா? நல்லா அழுவேன். எங்க மாமியார் செத்தப்ப நான்தான் எல்லாரையும்விட ஜாஸ்தி அழுதேன். அதுவும் ஆகாத மாமியாருக்கு."

ஒரு நிமிடம் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்குள் மாவு வாங்க மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அக்கா, "இந்தப் பாப்பா காலேஜுல வசமா மாட்டிக்கிச்சு" என்று முதலிலிருந்து கதையைச் சொன்னார். ஒருவர், வீட்டுக்காரர் குடிக்கிறார் என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் தானும் பக்கத்து வீட்டுக்காரியாக வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னார். நான்கு நாள் வாய் திறக்காத திருமதி க.வுக்கு இப்படியொரு சுற்றமா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மாதத்தில் அந்த ஊரில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரித்த உடனே வெட்கமாகவும் இருந்தது. அரை மணி நேரம் பழகிய எனக்காக இவர்கள் பொய் சொல்லத் தயாராக இருந்தார்கள். நான் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டக்கூடச் சோம்பல்பட்டு, இவர்கள் பெயரைச் சொல்லி மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"வேணாம்க்கா. நானே உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா என்ன பண்ணுவாங்க?"

"வருஷம் போயிடும். ஊருக்குப் போக வேண்டியதுதான்."

"அப்ப நல்லதாப் போச்சு. ஊருக்குப் போகணும்னுதானே வாரா வாரம் ஓடிக்கிட்டிருந்த?"

அக்கா கிண்டலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த எனக்கு, அனுப்பிவிடுவார்கள் என்றதும் போகப் பிடிக்கவில்லை. அது ஏன் என்று எனக்கே புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சத்திரம் பஸ் நிலையத்தில் மேடம் எனக்கு முன்பே வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. ஆரஞ்சுப் பழமும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருந்தன. சத்திரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது. மத்திய பஸ் நிலையம் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போது மேடம், "திடீர்னு நான் வந்து நின்னா அவங்களுக்குச் சங்கடமா இருக்குமோ? முதல்ல நீங்க மட்டும் உள்ள போங்க. நான் தெருவுல நிக்கிறேன்" என்றார். புதூரில் இறங்கினோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்?"

"மேடம், அப்படி ஒரு அம்மாவே கிடையாது. எல்லாம் நானா எழுதினது. நான் இங்க ஒரே ஒரு நாள்தான் ஒழுங்கா வந்தேன். நேத்து ஒரு நாள் வந்தேன்."

மேடம் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிறகு முதல் முறையாக என்னை ஒருமையில் பேசினார்.

"போன ஞாயித்துக்கிழமை நீ பாட்டுக்கு உங்க வீட்ல உட்கார்ந்து அதை எழுதியிருக்க. திங்கட்கிழமையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை, தெரியுமா? அந்தப் பொம்பளை ஏதாவது பண்ணிக்குவாளோன்னு. கிளாஸ்ல வேற வாசிச்சுத் தொலைச்சேன். இது ஹெச்.ஓ.டி.க்குத் தெரிஞ்சா உன் வருஷம் மட்டும் இல்லை, என் வேலையும் போகும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பஸ்கள் போயின.

"எழுதினதுல ஒண்ணுகூட நெசம் இல்லையா?"

"அந்தம்மா மட்டும்தான் மேடம் பொய். மத்ததெல்லாம் எனக்கு நடந்தது."

"நாலு நாள் யாரோடயும் பேசாதது?"

"ஆமாம் மேடம்."

"ஒரு வேளை சமைச்சது?"

"சமைக்கவே இல்லை மேடம். பிஸ்கட்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் தணிந்த பார்வை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குரல் பழையபடி ரெக்கார்டு திருத்தும் குரலுக்கு வந்திருந்தது.

"ஹெச்.ஓ.டி.கிட்ட நானே சொல்லிக்கறேன். இந்த செமஸ்டர் பீல்டு வொர்க் கேன்சல். மே மாசம் லீவுல ஒரு நாள் விடாம இதே புதூர்ல திரும்பப் பண்ணணும். வெயில் தாங்காது, சொல்லிட்டேன். முடியாதுன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிடு. நான் தடுக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்புறம், திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜி.ஹெச்.ல மனநல டாக்டர்கிட்ட அந்தம்மாவைக் கூட்டிட்டு வரேன்னு சொல்லி வெச்சிருந்தேன். அதை கேன்சல் பண்ணப் போறதில்லை. நீ போ" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லை மேடம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நாலாவது ரெக்கார்டுல அந்தம்மாவும் இதையேதான் சொன்னாங்க. அதுக்குக் கீழே நீ என்ன எழுதியிருந்த?"

எனக்கு ஞாபகம் இருந்தது. 'நலமாக இருப்பதாகச் சொல்கிறார். நான் நம்பவில்லை' என்று எழுதியிருந்தேன். அதை அவருக்குச் சொல்ல முயன்றேன். பாதியிலேயே, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்க்க அழுதேன். மேடம் துணிப்பையை என் மடியில் வைத்துவிட்டு, சத்திரம் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

எதிர்ப் பக்கம் பஞ்சப்பூர் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று போயின. அம்மா வழக்கம்போல மத்தியானம் போன் செய்தாள்.

"பஸ் ஏறிட்டியா?"

"இல்லைம்மா. இந்த வாரம் வரலை."

"ஏன், என்னாச்சு?"

"எனக்கு இங்க நல்லா இல்லைம்மா. வந்ததிலேர்ந்தே நல்லா இல்லை" என்றேன். அம்மா பதறிப்போய், வேண்டாம், விட்டுவிட்டு வந்துவிடு என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, "ஆனா நான் இங்கதாம்மா இருக்கப்போறேன்" என்றேன்.